கேமராவைத் தொலைத்த நுண்ணிலைக் கற்பித்தல்: ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் பி.எட். படிப்பிலும் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியிலும் என்ன சொல்லித்தர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். அந்தப் படிப்பு போய்ச் சேரும் இடத்தில் நான் இருக்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியர். கணக்கு எடுக்கிறேன், ஆள் இல்லாத வருடங்களில் அறிவியலும் எடுப்பேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் கற்பித்தல் பயிற்சிக்கு வருகிற மாணவ ஆசிரியர்கள் நாலைந்து பேர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார்கள். அவர்களுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

போன வருடம் அப்படி வந்த ஒரு பெண்ணின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க ஸ்மார்ட் போர்டு படம். பென்சிலால் வரைந்து, நிழல் கொடுத்து, அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்திருந்தார். தொடுதிரை, ஒலிபெருக்கி, இணைப்பு வடம். அருமையான ஓவியம். ஓரத்தில் அவருடைய பேராசிரியரின் சிவப்பு மை டிக். நாங்கள் உட்கார்ந்திருந்த அறையின் சுவரிலேயே அசல் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, சாக்பீஸ் தூசி படாமல் இருக்கப் பழைய பெட்ஷீட் போர்த்தி வைத்திருக்கிறோம். “இதைப் போட்டு ஆறாம் வகுப்புக்கு ஏதாவது நடத்தும்மா” என்றேன். அவர் தயங்கிவிட்டு, “சார், இதை நாங்க வரைஞ்சுதான் சார் படிச்சோம். தொட்டதில்ல” என்றார்.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் என் கதை ஞாபகம் வந்தது. நான் பி.எட். படித்த காலத்தில் ஓவர்ஹெட் புரொஜெக்டரின் பாகங்களை வரைந்து 5 மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கருவி எங்கள் கல்லூரியில் இருந்தது, முதல்வர் அறையில், பூட்டிய பீரோவுக்குள். கடைசி வரை அதை நான் பார்க்கவில்லை. படத்தில் இருக்கும் கருவி மாறியிருக்கிறது. பயிற்சி அப்படியேதான் இருக்கிறது.

கருவி இல்லாத குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1984-இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுக்க ஆரம்பித்தது. 2004 செப்டம்பரில் இஸ்ரோ ‘எஜுசாட்’ என்று கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் ஒளிபரப்பை வாங்க ஒரு பயிற்சி மையத்தின் மொட்டை மாடியில் பொருத்திய ஆன்டெனாத் தட்டில் காக்கை கூடு கட்டியதைப் பார்த்தவன் நான். 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. 2024-இல் மட்டும் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள், 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தது. இணைய வேகம், மின்வெட்டு, யூபிஎஸ் பேட்டரி பற்றியெல்லாம் புலம்புவதற்குத் தனி மடல் எழுத வேண்டும். இப்போதைக்கு அதை விடுகிறேன். பொருள் வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

பொருளோடு பயிற்சியும் வரத்தான் செய்கிறது. எங்களுக்கு எப்படி வந்தது தெரியுமா? போர்டை மாட்டிய கம்பெனியின் ஆள் அரை நாள் வந்தார். ஆன் செய்வது எப்படி, வைஃபையில் சேர்ப்பது எப்படி, பேனாவின் நிறத்தை மாற்றுவது எப்படி என்று காட்டினார். நல்ல பையன், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “தம்பி, ஒரு பாடத்துல எந்த இடத்துல இதை ஆன் பண்ணணும், எந்த இடத்துல ஆஃப் பண்ணணும்?” அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வேலை அது இல்லையே. அதைச் சொல்லித்தர வேண்டிய இடம் நீங்கள் பாடத்திட்டம் எழுதும் கல்லூரிகள். அங்கே அது ‘கல்வியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்’ என்ற தனித்தாளாக இருக்கிறது. இயல்புகள், வகைகள், நன்மைகள், தீமைகள் என்று எழுதித் தேர்வாகிவிடலாம்.

உங்களிடம் நான் கேட்க வந்தது புதிய கருவி எதையும் அல்ல. ரொம்பப் பழைய ஒன்றைத்தான்: மாணவ ஆசிரியர் தான் நடத்தும் வகுப்பைத் தானே பதிவு செய்து பார்ப்பது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பி.எட். படித்த எல்லோருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் தெரியும். அறிமுகத் திறன், விளக்கும் திறன், வினா கேட்கும் திறன், வலுவூட்டும் திறன், கரும்பலகை பயன்படுத்தும் திறன் என்று ஒவ்வொன்றாக எடுத்து, சக மாணவர்களையே பள்ளிப் பிள்ளைகளாக உட்காரவைத்து, 6 நிமிடம் நடத்துவோம். பிறகு 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம். மொத்தம் 36 நிமிடச் சுழற்சி. இன்றும் மாணவ ஆசிரியர்கள் இந்த எண்களைக் கட்டம் போட்டு, மனப்பாடமாக எழுதுகிறார்கள்.

இந்த முறை 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியது. அங்கே இதன் உயிர்நாடி வீடியோ டேப். நடத்தி முடித்தவுடன் தான் நடத்தியதைத் தானே திரையில் பார்க்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி நடத்த வேண்டும். 1970-களில் நம் நாட்டுக் கல்வியியல் கல்லூரிகளுக்கு இது பரவியபோது வீடியோ ரெக்கார்டர் நமக்குக் கட்டுப்படியாகிற விலையில் இல்லை. அதனால் கேமராவுக்குப் பதில் சக மாணவர் கையில் ஒரு கவனிப்புப் படிவத்தைக் கொடுத்தோம். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சக மாணவர் என்ன எழுதுவார்? “நன்று”, “மிக நன்று.” நாளைக்கு அவர் நடத்தும்போது நாம்தானே படிவம் நிரப்பப் போகிறோம்! ஐம்பது வருடமாக ‘நன்று’, ‘மிக நன்று’ என்று நோட்டு நோட்டாக எழுதிக் குவித்திருக்கிறோம்.

இன்று பயிற்சிக்கு வரும் பெண், பையன் ஒவ்வொருவர் கையிலும், அன்றைய ஸ்டான்ஃபோர்டில் இருந்ததைவிட நல்ல கேமரா இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு அனுப்பும்போது கல்லூரியிலிருந்து வரும் கடிதத்தில் முதல் நிபந்தனை என்ன தெரியுமா? “மாணவ ஆசிரியர்கள் பள்ளி வளாகத்தில் செல்பேசி பயன்படுத்தக் கூடாது.” காரணம் புரிகிறது, கட்டுப்பாடு வேண்டும்தான். என்றாலும், தொலைந்துபோன சாமான் வீட்டுக்கே திரும்பி வந்து கதவைத் தட்டும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போன வருடம் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பயிற்சிக்கு வந்த நான்கு பேரிடமும் இந்தப் பதிவைச் செய்து பார்த்தேன். ஸ்மார்ட் போர்டு வரைந்த பெண்தான் முதலில். கடைசி பெஞ்சில் ஜாமெட்ரி பாக்ஸ் மேல் போனைச் சாய்த்துவைத்தோம். கேமரா கரும்பலகையையும் அவரையும் மட்டும் பார்க்கும், பிள்ளைகளின் பின்மண்டை தெரியும், முகம் தெரியாது. ஆறாம் வகுப்பு, கோணங்கள். 11 நிமிடம் எடுத்தோம். மதிய இடைவேளையில் அவரிடமே போனைக் கொடுத்து, “நீ மட்டும் பாரு. மூணு விஷயத்தை மட்டும் எண்ணு. எத்தனை கேள்வி கேட்ட, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி காத்திருந்த, யார் பதில் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. 31 கேள்வி. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு நொடிக்குள் தானே பதில் சொல்லியிருக்கிறார், அல்லது வலது பக்க முன் பெஞ்சில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். “புரிஞ்சுதா?” என்று மட்டும் 14 முறை. “சார், நான் இப்படியா பேசறேன்?” என்று கேட்டார். படிவத்தில் அதே பாடத்துக்கு அவருடைய தோழி ‘மிக நன்று’ போட்டிருந்தார்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருக்கும் நேரம் பற்றி மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, அதிகம் பேர் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். இதை நான் பல பயிற்சிகளில் கருத்தாளராக நின்று சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டுவார்கள். மறுநாள் வகுப்பில் ஒன்றும் மாறியிருக்காது. என் வகுப்பிலும் மாறவில்லை என்பதை, இந்தப் பெண்ணுக்குப் பிறகு என்னையே படம் எடுத்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் அவர் அதே வகுப்பை மறுபடி எடுத்தார். இம்முறை 12 கேள்வி. ஒரு பெரிய கோணம், ஒரு சிறிய கோணம் வரைந்து எது பெரியது என்று கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். நாலாவது நொடியில், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, கோடு நீளமாக இருக்கிற சிறிய கோணத்தைக் காட்டி, “அதுதான் டீச்சர் பெருசு” என்றான். தப்பான பதில். ஆனால் தங்கமான பதில். கோணம் என்பது அதன் கைகளின், அதாவது அதை உண்டாக்கும் இரண்டு கோடுகளின், நீளத்தைப் பொறுத்தது என்று நினைப்பது இந்த வயதுப் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கும் குழப்பம். ஒரு நொடியில் நாமே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது வெளியே வரவே வராது.

அப்போதுதான் அந்தப் பெட்ஷீட் இறங்கியது. கோணமும் வடிவமும் வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைத் திறந்துகொடுத்தேன். அவர் ஒரு கோணத்தை வரைந்து, பாகையைத் திரையில் காட்டி, அந்தப் பையனையே கூப்பிட்டுக் கோணத்தின் ஒரு கையை நீளமாக இழுக்கச் சொன்னார். இழுக்க இழுக்கக் கோடு நீண்டது, 40 பாகை 40 பாகையாகவே நின்றது. “இப்ப கோணத்தைப் பெருசாக்கு பார்ப்போம்” என்றதும், அவன் கொஞ்ச நேரம் விரலை அங்கேயும் இங்கேயும் இழுத்துவிட்டு, கடைசியில் கோணத்தின் இரண்டு கைகளையும் அகல விரித்தான். முழுதாக 3 நிமிடம். பிறகு போர்டை அணைத்துவிட்டார், மிச்ச வகுப்பு நோட்டிலும் பாகைமானியிலும் நடந்தது. கம்பெனிப் பையனிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

இதற்கு ஏட்டில் ஒரு பெயரும் இருக்கிறது. பாடத்தை அறிவது வேறு, அந்தப் பாடத்தைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தெரிவது வேறு, இரண்டாவதும் ஓர் அறிவுதான் என்று லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். 2006-இல் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்தார்கள். பாடம், கற்பிக்கும் முறை, கருவி மூன்றும் சந்திக்கிற இடம்தான் ஆசிரியருக்கு வேண்டியது, மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் அது கிடைக்காது என்பது அவர்கள் வாதம். மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் அந்தப் படமும் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. கலர் பென்சிலில்.

பெரு நாடு ஆயிரக்கணக்கில் அல்ல, பத்து லட்சத்துக்கு மேல் மடிக்கணினி கொடுத்துப் பார்த்தது. கற்பிக்கும் முறையோடு அதைச் சேர்க்காததால் பிள்ளைகளின் கற்றலில் முன்னேற்றம் வரவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற நிறுவனமானது. அங்கே பயிற்சி கொடுக்கும் முதன்மைப் பயிற்றுநர்கள் வகுப்பறையிலிருந்து எடுக்கப்பட்ட ஆசிரியர்கள். மென்பொருளும் கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம். கம்பெனிக்காரர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் நிலை அங்கே தவிர்க்கப்பட்டது. எல்லாவற்றிலும் கேரளத்தை உதாரணம் காட்டுவது எனக்கும் பிடிக்காதுதான், இதில் காட்டாமல் இருக்க முடியவில்லை.

பணியில் இருப்பவர்களுக்கான இணையவழிப் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் அது பெருகியது, பிறகு நிலைத்துவிட்டது. நானும் சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன். எப்படி வாங்கினேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவை ஓடவிட்டு, ஒலியைக் குறைத்துவிட்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் வரும் வினாடி வினாவுக்கு விடைகள் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே வந்துவிட்டன. “1-அ, 2-ஈ, 3-ஆ...” நூற்றுக்கு நூறு. குழுவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் யாரும் சோம்பேறி இல்லை. அன்று மாலைக்குள் எத்தனை சதவீதம் பேர் முடித்தார்கள் என்ற பட்டியல் மேலே போக வேண்டும், அவ்வளவுதான். முடித்தார்களா என்று கேட்டால் முடித்துவிட்டுத்தான் காட்டுவார்கள்.

இதே ஆசிரியர்கள்தான் வேறு மாதிரியான பயிற்சிகளில் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். 2007 வாக்கில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்து ஏணிப்படி போன்ற வரிசையில் தாங்களே படித்துப் போகும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுதும் பரவியபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நேரில் போய், தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அட்டையும் ஏணிப்படியும் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அந்த முறையோடு எனக்குச் சில சண்டைகள் இருக்கின்றன. ஆனால் பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2017-இல் தமிழ் விக்கிப்பீடியர்களோடு சேர்ந்து அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. கட்டுரை எழுதினால் முகம் தெரியாத யாரோ வந்து திருத்துவார்கள், சான்று எங்கே என்று கேட்பார்கள், சில நேரம் நீக்கியும் விடுவார்கள். ஆசிரியர் என்பவர் சிவப்பு மை வாங்கிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அதில்தான் தெரிந்தது. எழுதியது இணையத்தில் நின்றது. சான்றிதழை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

விக்கிப்பீடியா என்றதும் தட்டச்சு ஞாபகம் வருகிறது. கேட்டால் சின்ன விஷயம் என்பீர்கள், எனக்கு இது பெரிய விஷயம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தோம். எந்தக் கருவியில் திறந்தாலும் எழுத்து மாறாமல் தெரியவைக்கும் யூனிகோடு குறியீட்டை 2010-இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. இன்றும் எங்கள் வட்டாரத்தில் வினாத்தாள் எங்கே தயாராகிறது? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டிடிபி கடையில், ஏதோ ஒரு பழைய எழுத்துருவில். அதைப் போனில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், தேடினால் அகப்படாது, அடுத்த வருடம் திருத்திப் பயன்படுத்த முடியாது. இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி முடித்து வருகிற பிள்ளைகள் போனில் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறார்கள். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு 20 நிமிடம் தமிழ்99 பழக்கினால் போதும், தன் வினாத்தாளைத் தானே அடிப்பார்கள். தமிழில் தேடுவார்கள், தமிழில் இல்லாததை எழுதுவார்கள். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட நீளம் வேண்டாம்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று. விதை முளைப்பதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ இணையத்தில் நிறைய இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, “எத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை, “ஒரு நிமிஷம்” என்று சொல்லும். எங்களிடம் வந்த மாணவ ஆசிரியர் ஒருவர் ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு, ஜன்னல் திண்டில் வைத்து, ஒரு செங்கலை அடையாளமாக வைத்து, தினமும் காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளையே அதே இடத்திலிருந்து படம் எடுக்க வைத்தார். ஏழாம் நாள் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினார். மூன்றாம் நாள் படம் மட்டும் மங்கல், எடுத்தவனுக்குக் கை நடுங்கிவிட்டது. அதையும் நீக்காமல் வைத்திருந்தார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, பாடத்திட்டத்தில் ஒரு புதிய அலகு சேர்க்க வேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு முன்னாலேயே மாணவ ஆசிரியர்கள் சேர்த்துவிட்டார்கள். முன்பு பாடக்குறிப்பை சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில், அடிக்கோல் வைத்து, கையால் எழுதுகிறார்கள். இயந்திரம் எழுதியதை மனிதர் படியெடுக்கும் இந்தக் கூத்தை நிறுத்த ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. அந்தப் பாடக்குறிப்பை அச்செடுத்தே வரச் சொல்லுங்கள். இதில் எது நம் பாடநூலோடு ஒட்டவில்லை, எந்தத் தமிழ்ச் சொல் தவறு, எந்தச் செயல்பாடு 40 பிள்ளைகள் இருக்கும் அறையில் நடக்காது என்று ஓரத்தில் எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போடுங்கள். வழிகாட்டி ஆசிரியராக அதைப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கும். இப்போது வரும் நோட்டுகளைப் படிக்க ஆசையாக இல்லை.

மறுபடி கேமராவுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத் தப்பாகச் செய்துவிட ரொம்ப வாய்ப்பு இருக்கிறது. பதிவு செய்த வீடியோவை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், இத்தனை பேர் ஏற்றினார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தால் போதும், கதை முடிந்தது. மறுநாளிலிருந்து ஒத்திகை பார்த்த வகுப்புகள்தான் பதிவாகும். முன் பெஞ்சில் கெட்டிக்காரப் பிள்ளைகள் உட்காருவார்கள். கேள்வி கேட்டதும் பதில் வரும். ஆகவே அந்த வீடியோ நடத்தியவருக்குச் சொந்தம். அவர் பார்க்க வேண்டும், விரும்பினால் வழிகாட்டி ஆசிரியரோடும் ஒரு தோழரோடும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டும். மதிப்பெண் வீடியோவுக்கு வேண்டாம். அதைப் பார்த்து அவர் என்ன எண்ணினார், அடுத்த வகுப்பில் எதை மாற்றினார் என்று எழுதும் ஒரு பக்கத்துக்குப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் போலியாக எழுதுவது கடினம் என்று சொல்லமாட்டேன், ‘மிக நன்று’ எழுதுவதைவிடக் கடினம்.

பிள்ளைகளின் முகம் விழக் கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும். பிள்ளை தப்பாகப் பதில் சொன்ன வீடியோ ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அந்தப் பிள்ளை இனி எந்த வகுப்பிலும் வாய் திறக்காது. கேமராவைக் கடைசி பெஞ்சில், ஆசிரியரை நோக்கி மட்டும் வைக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள். பல நேரங்களில் படம்கூட வேண்டாம், ஒலிப்பதிவே போதும். நொடிகளை எண்ணக் காது போதுமே.

இதற்குப் பணம் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நேரம்தான் கேட்கிறேன். இரண்டாண்டு பி.எட். 2015-இல் வந்தபோது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று ஆனது. நல்ல நீளம். அதில் பாதி, ரெக்கார்டு நோட்டு எழுதுவதிலும் சார்ட் பேப்பர் ஒட்டுவதிலும் போய்விடுகிறது. ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள நாங்களும் அவர்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம், அந்தப் பழி எங்கள் மேல். அந்த 16 வாரத்தில் வாரத்துக்கு ஒரு வகுப்பு, 10 நிமிடம் பதிவு. ஸ்மார்ட் போர்டு பற்றிய படம் வரையும் பக்கத்தைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்களில் பலர் ஒரு பள்ளி வகுப்பை எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். பயிற்சியைப் பார்வையிட வரும்போது நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஒரே நாளில் ஐந்து பள்ளிகள். ஆனால் வருடத்துக்கு ஒரு வாரமாவது அவர்களும் எங்கள் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து, அதைத் தாங்களே பதிவு செய்து, தங்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினால் என்ன? தங்கள் பேராசிரியரே கேள்வி கேட்டு ஒரு நொடியில் தானே பதில் சொல்லிவிடுவதைப் பார்த்தால் மாணவ ஆசிரியர்களுக்குப் பயம் போய்விடும். எங்கள் பள்ளிக்கு வரலாம். ஸ்மார்ட் போர்டின் பெட்ஷீட்டைத் துவைத்துவைக்கிறேன்.

அடுத்த பருவத்தில் மறுபடி நாலைந்து பேர் வருவார்கள். அவர்களோடு கல்லூரிக் கடிதமும் வரும். அதில் செல்பேசி பற்றிய அந்த வரியை மட்டும் மாற்றி, “வழிகாட்டி ஆசிரியரின் மேற்பார்வையில், சொந்தக் கற்பித்தலைப் பதிவு செய்ய மட்டும் அனுமதி உண்டு” என்று எழுதச் சொல்லி எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியுமா? பாடத்திட்டத் திருத்தத்துக்கு வருடக்கணக்கில் ஆகும் என்று தெரியும். சுற்றறிக்கைக்கு ஒரு வாரம் போதும். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வழிகாட்டி ஆசிரியர்